கிழக்கே போக மேற்கே ஒரு வழி

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு வான்வழியில் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். மகள் போனில் சொன்னாள்: "நாலு மணி நேரம்தான் வாப்பா, ஒரு தூக்கம் போட்டா வந்துடலாம்."

நாகூரில் எங்கள் தெருவிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் கடல். சிங்கப்பூர் அந்தக் கடலுக்கு அப்பால், தென்கிழக்கில் இருக்கிறது. நான் போக வேண்டியதோ மேற்கே, திருச்சி விமான நிலையத்துக்கு, சாலை வழியாக 150 கிலோமீட்டர்.

தை மாதம். அஸர் தொழுதுவிட்டு நாலரைக்குக் கிளம்பினோம். சிக்கல், கீவளூர், திருவாரூர் என்று வழியெல்லாம் சம்பா அறுவடை. சாலையின் பாதியில் நெல் காய்ந்ததால் மீதிப் பாதியில் கார் ஊர்ந்தது. நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. "கேட்டுக்கு அரை மணி சேர்த்துத்தான் பாய் கிளம்பச் சொன்னேன்" என்றார் ஓட்டுநர். டெல்டாவில் வண்டி ஓட்டுபவர்கள் எல்லோருக்கும் இந்தக் கணக்குத் தெரியும். தஞ்சாவூரைத் தாண்டுவதற்குள் இருட்டிவிட்டது. திருச்சியில் இறங்கும்போது எட்டரை.

பதினொரு மணிக்கு விமானம். உலக உருண்டையில் திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது கோடியக்கரைப் பக்கமாகத்தான் கடலைத் தொடும். நாலு மணி நேரம் மேற்கே போனவன், கால் மணியில் அதே டெல்டாவின் மேலே கிழக்கே திரும்பி வந்தேன். கீழே ஒரே இருட்டு. கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு ஊர் விளக்குகளைத் தேடினேன்.

என் பாட்டனார் காலத்தில் இந்தச் சுற்று கிடையாது. நாகப்பட்டினத்துக்கு அப்பால் கடலில் 'ரஜூலா' நங்கூரமிட்டு நிற்கும். படகில் போய் ஏறினால் பினாங்கு, பிறகு சிங்கப்பூர், ஏறக்குறைய ஒரு வாரம். 1926-இல் கட்டிய கப்பல் அது. 1970-களில் அதன் இடத்துக்கு 'சிதம்பரம்' வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அது தீப்பிடித்துப் பலர் மாண்டார்கள். கப்பல் பயணமும் அத்தோடு நின்றது. கடல் கடந்து பிழைக்கப் போகும் சபுராளிகளைக் கரையில் நின்று வழியனுப்பிய ஊர், அதன் பிறகு விமான நிலைய வாசலில் நின்று வழியனுப்பப் பழகியது.

சிங்கப்பூரில் விடிகாலை ஐந்தரைக்கு இறங்கினேன். என் கைக்கடிகாரத்தில் மணி மூன்று. மறுநாள் மகள் தெலுக் ஆயர் தெருவுக்கு அழைத்துப் போனாள். அங்கேயும் ஒரு நாகூர் தர்கா. 1828 முதல் 1830 வரை நம் கரையிலிருந்து போன முஸ்லிம்கள் கட்டியது. அன்று அந்தத் தெருவே கடற்கரை. பிறகு கடலைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பியதில் கரை தள்ளிப் போய்விட்டது. அந்தக் காலத்தில் அலையில் கிடந்து வந்தவர்களுக்குக் கரையேறியதும் ஊர்ப் பெயர் கண்ணில் பட்டிருக்கும். எனக்கு நெஞ்சு அடைத்தது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். பெற்றவர்களுக்கு டிக்கெட் எடுக்கும்போது நேரத்தை ஓடுபாதையிலிருந்து எண்ணாதீர்கள், வீட்டு வாசலிலிருந்து எண்ணுங்கள். என் வாசலிலிருந்து மகள் வாசலுக்குப் பன்னிரண்டரை மணி நேரம் ஆனது.