மாட்டிக்கிட்ட கதை

சென்னையில் மழை பெய்தால் ஆபீஸுக்கு லீவு விடுவார்கள். எங்கள் ஊரில் மழை பெய்தால் நான் ஆபீஸுக்கு லீவு போடுவேன். ஐப்பசியில் வருஷா வருஷம் நடக்கிற கூத்து இது.

"என்னய்யா அவசரம்? வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்பார் மேனேஜர்.

"மழை பெஞ்சிருச்சு சார்!"

அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார். வெளியே வெயில் பல்லைக் காட்டும்.

நமக்கு ஊர், திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற ரோட்டில். 1879-ல் ரமண மகரிஷி பிறந்த ஊர் திருச்சுழி என்று சொன்னால் 'ஆஹா' என்பார்கள். அங்கே விவசாயம் என்றால் 'ஐயோ' என்பார்கள். இரண்டுமே நியாயம்தான். யாரும் விதைக்காமலே அமோகமாக விளைவது சீமைக்கருவேலம் மட்டும். பருத்தி, சோளம், உளுந்து, மல்லி எல்லாம் வானம் பார்த்த கரிசலில். மழைக்கு முன்னால் போனால் வெடிப்புக்குள் கை போகும். மழைக்கு மறுநாள் போனால் செருப்போடு ரெண்டு கிலோ மண் கூடவே வரும். நடுவில் 'பதம்' என்று நாலைந்து நாள் கிடைக்கும் பாருங்க, அதற்குள் உழுது விதைத்தாக வேண்டும்.

அந்த நாலு நாளும் எங்கள் வீட்டுப் பழைய டிராக்டர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி. காலையில் பெரியப்பா காட்டுக்கு ஒன்பது கொத்துக் கலப்பை. அதைக் கழட்டிவிட்டு பக்கத்துக் காட்டுக்கு ரோட்டவேட்டர். சாயங்காலம் அருப்புக்கோட்டைக்கு மூட்டை ஏற்ற டிரெய்லர். ராத்திரி லைட்டைப் போட்டு மறுபடியும் கலப்பை. வாடகை மணிக்கணக்கு. ஆனால், மாட்டுகிற நேரத்துக்கு எவன் காசு கொடுப்பான்?

மாட்டுவது என்றால் சட்டை மாட்டுகிற மாதிரி இல்லை. டிராக்டர் பின்னால் கீழே இரண்டு கை, மேலே 'டாப் லிங்க்' என்று ஒரு கம்பி. கலப்பையிலும் அதற்கேற்ப மூன்று இடம். முதலில் இடது கை, அப்புறம் வலது கை, கடைசியில் டாப் லிங்க். ஒவ்வொன்றுக்கும் ஒரு பின்னு. கேட்க சுலபமாக இருக்கும். இருநூறு கிலோவுக்கு மேல் கனக்கிற கலப்பை, மேடுபள்ளமான காட்டில் கோணிக்கொண்டு கிடக்கும். டிராக்டர் ஓர் அங்குலம் தள்ளி நிற்கும். "இன்னும் கொஞ்சம் பின்னாடி... போதும் போதும்... ஏலே, முன்னாடி போடா!" என்று டிராக்டருக்கும் கலப்பைக்கும் நடுவில் ஒருத்தர் நின்று கடப்பாரையால் நெம்ப வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்த ஒருத்தர் அப்பா.

நான் காலேஜில் ரெண்டாவது வருஷம் படிக்கும்போது ஓர் ஐப்பசி ராத்திரி. ஸீட்டில் நான். நடுவில் அப்பா. ஓட்டை நேராக வந்துவிட்டதா என்று பார்க்க டார்ச் தேவையில்லை அவருக்கு. ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுப் பார்ப்பார். 'சரியா இருக்கு' என்றாரா, 'சரிஞ்சிருக்கு' என்றாரா, இன்ஜின் சத்தத்தில் இன்று வரை எனக்குத் தெரியாது. ஐட்ராலிக் லீவரை லேசாகத் தொட்டேன். லேசாகத்தான். கை ஓர் அங்குலம் தூக்கியது.

அப்பா கத்தவில்லை. "எறக்கு" என்றார். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் "எப்படி ஆச்சு?" என்று கேட்டதற்கு, "கலப்பை நழுவிருச்சுங்க, எங்கவனக்குறைவுதான்" என்றார் என் முகத்தைப் பார்க்காமல். அம்மாவுக்கும் அதே பதில். வலது கை ஆள்காட்டி விரலில் மேல் கணு இல்லாமல்தான் அவர் என் கல்யாணப் பத்திரிகையை நீட்டினார். (இதைப் படித்ததும் அம்மா போன் பண்ணுவாள். எடுக்கத்தான் போகிறேன்.)

இந்த மூன்று புள்ளி ஏற்பாட்டைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார் என்று பிற்பாடு தேடிப் பார்த்தேன். திட்டுவதற்காகத்தான் தேடினேன், நிஜமாக! ஹாரி ஃபெர்குசன், அயர்லாந்துக்காரர். அந்தக் காலத்தில் வண்டி இழுக்கிற மாதிரி கலப்பையைச் சும்மா பின்னால் கோத்து இழுத்தார்களாம். கலப்பை பாறையில் சிக்கினால் பின்சக்கரம் விடாமல் சுற்ற, முன்பக்கம் குதிரை மாதிரி எழும்பி டிரைவர் மேலேயே மல்லாக்க விழும். நிறையப் பேர் செத்திருக்கிறார்கள். ஃபெர்குசன் 1920-களில் மூன்று இடத்தில் பிணைத்து, ஐட்ராலிக்கையும் சேர்த்தார். உழும்போது மேல்கம்பி டிராக்டரை முன்னோக்கித் தள்ளும், மூக்கு எழும்பாது. ஆளைக் காப்பாற்ற வந்த ஏற்பாடு! திட்ட வாய் வரவில்லை.

1938-ல் ஹென்றி ஃபோர்டுக்குச் செய்து காட்டி, கையெழுத்தே இல்லாமல் கைகுலுக்கலிலேயே கூட்டுச் சேர்ந்தார். மறு வருஷம் டிராக்டர் வந்துவிட்டது. பேரன் ஃபோர்டு வந்ததும் கூட்டு முறிந்து, கேஸ் நடந்து, 1952-ல் 92½ லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு சமாதானம். (எங்கள் பெரியப்பாவும் வாய் வார்த்தையில்தான் காட்டைக் குத்தகைக்கு விட்டார். அது தனிக் கதை.) அந்தப் பெயர்தான் மாஸி ஃபெர்குசன். 1960-ல் சென்னையில் டாஃபே அவர்களோடு சேர்ந்து தொடங்கியது.

தேடின இடத்திலேயே இன்னொன்றும் கண்ணில் பட்டது. வெளிநாட்டில் அந்த மூன்று கைக்கும் ஒரே சட்டமாக ஒன்று மாட்டி வைத்திருக்கிறார்கள். 'குவிக் ஹிட்ச்' என்று பெயர். கவிழ்த்துப் போட்ட 'ப' மாதிரி இல்லை, நேர் 'ப'வும் இல்லை. வாசல் நிலை மாதிரி. மேலே ஒரு கொக்கி, கீழே இரண்டு கொக்கி. ரிவர்ஸில் போய், லீவரைத் தூக்கினால் மூன்று கொக்கியும் கலப்பையைக் கவ்விக்கொள்ளும். 'டக்' என்று பூட்டு விழும். நடுவில் ஆள் நிற்கவே வேண்டாம். செல்போனில் அந்த வீடியோவை ஆபீஸிலேயே பதினோரு தடவை பார்த்தேன். மேனேஜர் பின்னால் நின்றதைக் கவனிக்கவில்லை.

அளவெல்லாம் குறித்துக்கொண்டு அருப்புக்கோட்டையில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொன்னேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தம்பி ஆபீஸ்ல என்ன வேலை?" என்றார். "கணக்கு" என்றேன். "அதான்..." என்று இழுத்தார். ஆனால் இரும்பைக் கனமாகத்தான் போட்டார். வெல்டிங்கில் குறை சொல்ல முடியாது.

கொண்டு வந்து மாட்டினோம். ஒன்பது கொத்துக் கலப்பையின் பின்னுக்கு புஷ் போட்டுப் பருமனாக்கினதும் முதல் தடவையே 'டக்'! பெரியப்பா விசில் அடித்தார். வயசு எழுபத்திரண்டு.

ரோட்டவேட்டரில் பிசகியது. இந்தச் சட்டம் கருவியை நாலு அங்குலம் பின்னால் தள்ளிவிடும். பி.டி.ஓ. தண்டு ஒன்றுக்குள் ஒன்று போதுமான நீளம் ஏறவில்லை. ஓடும்போது கழன்றால் காலை வாங்கிவிடும். நீளத் தண்டு வாங்கக் கொஞ்சம் செலவு. அந்தத் தண்டை மட்டும் இன்ஜினை அணைத்து, இறங்கிப் போய்க் கையால்தான் மாட்ட வேண்டும். அதற்கு இந்தச் சட்டத்தில் வழி இல்லை. எல்லாம் முடிந்து பார்த்தால், முன்னெல்லாம் கால் மணி நேரம் தின்றது இப்போது நாலைந்து நிமிஷம். கலப்பை என்றால் ஒரு நிமிஷம்கூட இல்லை.

அப்பா என்ன சொன்னார் என்றா கேட்கிறீர்கள்? ஒன்றும் சொல்லவில்லை. முதல் நாள் தள்ளி, வரப்பில் நின்று பார்த்தார். பூட்டு விழுந்ததும் இன்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டு வந்து, மூன்று கொக்கியையும் அந்தக் குட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "நல்லாத்தான் கவ்வுது" என்றார். இன்று வரை அவர் தடவிப் பார்க்காமல் வண்டி நகராது.

சட்டிக்கலப்பை மட்டும் இதில் சேரவில்லை. உள்ளூர் ஆசாரி அந்தக் காலத்தில் அடித்தது. மேல் ஓட்டை உயரம் எந்தக் கணக்கிலும் வராது. "வெட்டி ஒட்டினா பலம் போயிரும், விடு" என்கிறார் அப்பா. அதைப் பழைய மாதிரியே மாட்டுகிறோம். ஸீட்டில் அப்பா. வண்டியை நிறுத்தி, கையை இறக்கி, இன்ஜினை அணைத்து, சாவியைப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டுவிட்டுத்தான் என்னை நடுவில் விடுவார்.