கடைமடையில் ஒரு தென்னை நாடு: பேராவூரணி

தஞ்சை ஜில்லாவின் தென்பகுதியில், பட்டுக்கோட்டைக்கும் அறந்தாங்கிக்கும் இடையே அமைந்த பேராவூரணி, நீலகண்டப் பிள்ளையார் சந்நிதியாலும் தென்னையாலும் பிரசித்தி பெற்ற ஊர். 1934இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து உருவான கல்லணைக் கால்வாயின், ஜனங்கள் வாக்கில் ‘புது ஆற்றின்’, கடைமடை இது. தண்ணீர் வந்து சேர்வது நிச்சயமில்லாமையால், குடியானவர் பலர் நாளடைவில் தென்னையையே ஜீவாதாரமாகக் கொண்டனர்.

2018 நவம்பர் 16ஆம் தேதி, பொழுது விடியுமுன் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், அந்தத் தோப்புகளை வேரோடு சாய்த்துவிட்டுப் போயிற்று. இருண்ட கிராமங்களுக்கு வெளிச்சம் மீண்டது, வெளி மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்து, கிடைத்த இடத்தில் படுத்தெழுந்த மின்வாரியத் தொழிலாளரால்தான். வண்டி செல்லாத சேற்று வயலில், சிமெண்டுக் கம்பத்தைக் கயிற்றால் மூங்கிலில் பிணைத்து, பலர் ஒருசேரத் தோள்கொடுத்து, முழங்கால் புதையப் புதைய நடந்து, கடப்பாரையால் குழி பறித்து அதை நிமிர்த்தினார்கள். அவர்களுக்கு, தம் வீட்டுக் கூரையையே பறிகொடுத்தவர்கள் சோறாக்கிப் போட்டதை இவ்வட்டாரத்தின் உத்தம லட்சணமாக நான் மதிக்கிறேன்.

அதே நாட்களில் மெழுகுவத்தி விலை ஏறிற்று. குடிநீர்த் தொட்டிக்கு நீரேற்றும் ஜெனரேட்டருக்கு வாடகை ஏறிற்று. மரமறுக்கும் இயந்திரத்துக்குக் கூலி ஏறிற்று. விழுந்த மரம் மட்டும் அற்ப விலைக்குச் சூளைக்குப் போயிற்று. இழந்தவனிடமே இருபுறமும் ஆதாயம் கண்ட இந்தச் செய்கையை வியாபாரம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

மரமொன்றுக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் சர்க்கார் நிவாரணமாக அறிவித்தது. நெட்டைக் கன்று காய்ப்புக்கு வர ஆறேழு வருஷங்களாகும் என்பதை நினைத்தால் அத்தொகையின் போதாமை விளங்கும். ஆனால் ஊர் சோர்ந்துவிடவில்லை. மறு ஆண்டே உள்ளூர் இளைஞர்கள் ஒன்றுகூடி, 500 ஏக்கருக்கு மேல் பரந்த பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள்.

நிவாரணம் மரத்தை எண்ணி வழங்கப்பட்டமையால், மரமே இல்லாதவர் அந்தக் கணக்கில் சேரவில்லை. மரமேறிக் காய் பறித்தவர், நட்டுவைத்த பாரையில் நாளெல்லாம் தேங்காய் உரித்தவர், கீற்று முடைந்த பெண்கள், லாரிக்குச் சுமந்தவர் ஆகிய அனைவருக்கும் சொந்தமாயிருந்தது கூலி ஒன்றே. தோப்பு விழுந்த அன்றே அதுவும் நின்றது. உடையவர் புதுக்கன்று நட்டுக் காத்திருக்க, இவர்களில் பலர் பிழைப்புத் தேடித் திருப்பூர்ப் பக்கம் போனார்கள்.