அண்டா பெருசா, அளவு பெருசா?

பி.காம். படித்தவனிடம் சொந்தக்காரர்கள் எதை வேண்டுமானாலும் கேட்பார்கள். வருமான வரி, சீட்டுப் பணம், எல்.ஐ.சி. பாலிசி... போன மாதம் டல்லாஸிலிருந்து தங்கச்சி வீட்டுக்காரர் புதுசாக ஒன்று கேட்டார்.

''மச்சான், வீட்டிலேயே பீர் காய்ச்சலாம்னு இருக்கேன். என்னென்ன சாமான் வாங்கட்டும்?''

யாரிடம் கேட்கிறார் பாருங்கள்! சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்த ஜில்லா எங்கள் சேலம். 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி கொண்டுவந்தார். இன்றைக்கு சர்க்காரே கடை வைத்து விற்கிறது. ஆனால், வீட்டில் நாம் காய்ச்சினால் கேஸ்தான். அங்கேயோ 1978-ல் கார்ட்டர் கையெழுத்துப் போட்டு, சொந்த உபயோகத்துக்குக் காய்ச்ச வழிவிட்டு விட்டார். சரி, ஆலோசனைக்கு கேஸ் கிடையாதே என்று ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன்.

மாப்பிள்ளை மனசு வைத்திருந்தது 19 லிட்டர் காய்ச்சும் பளபள செட். ''முதல்ல 4 லிட்டர் போதுங்க மாப்பிள்ளை. கெட்டுப் போனாலும் நஷ்டம் கம்மி'' என்றேன். 4 லிட்டருக்கு 8 லிட்டர் எவர்சில்வர் பாத்திரம் வேண்டும். பால் மாதிரி பொங்குமாம்.

கொதிக்கும்வரை கிருமி பயமில்லை. ஆறிய பிறகு தொடுகிற ஒவ்வொரு சாமானும் கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும். புளிக்க வைக்க, உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக் வாளி. கீறல் விழுந்த வாளி ஆகாது. கீறலில் கிருமி குடியிருக்கும். மூடியில் 'ஏர்லாக்' என்று தண்ணீர் ஊற்றிய சின்னக் குழாய். உள்ளே உண்டாகும் வாயு வெளியே போகும். வெளிக்காற்று உள்ளே வராது.

அடுத்தது ஹைட்ரோமீட்டர். ''அது எதுக்கு மச்சான், தண்டச் செலவு?'' என்றார். நம்ம ஊர் பால் சொசைட்டி லாக்டோமீட்டருக்கு அண்ணன் அது. எனக்குப் புரிந்த பாஷையில் சொன்னேன்: ''ஓப்பனிங் பேலன்ஸ் 1.050, குளோசிங் பேலன்ஸ் 1.010. வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கினா சுமார் 5 சதவிகிதம் ஆல்கஹால். ஆனா, முக்கியம் அது இல்லீங்க. ரெண்டு மூணு நாள் ரீடிங் மாறாம நின்னாத்தான் புளிப்பு முடிஞ்சதுன்னு அர்த்தம். அதுக்கு முன்னாடி பாட்டிலில் அடைச்சா, உள்ளே வாயு ஏறிக்கிட்டே போய் பாட்டில் வெடிக்கும். கோலி சோடா வெடிச்சுப் பார்த்ததில்லையா?''

மறுமுனையில் சத்தமில்லை. அந்த வீட்டில் இரண்டு வயசு மருமகன் இருக்கிறான். அவன் கைக்கு எட்டாத அலமாரி இனிமேல்தான் செய்ய வேண்டும்.

''நல்ல கனமான பாட்டிலா வாங்குங்க. நுரைக்குப் போடுற சர்க்கரையைத் தராசுல நிறுத்துப் போடுங்க. கைக்குத் தோணின அளவு ரசத்துக்கு மட்டும்தான்'' என்று முடித்தேன்.

நேற்று தங்கச்சி பேசினாள். ''அண்ணா, பெரிய செட் கேன்சல். 4 லிட்டர் சாமான் வந்திருச்சு. ஹைட்ரோமீட்டர் மட்டும் ரெண்டு.''

''ரெண்டு எதுக்கும்மா?''

''கண்ணாடியாச்சே... ஒண்ணு உங்க மருமகனுக்கு உடைக்க!''