மலர் வளையமும் வாடாமல்லியும்

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். காதலர் தினம் நம்ம பண்பாடா இல்லையான்னு பட்டிமன்றம் நடத்தற உத்தேசமெல்லாம் எனக்கு இல்லீங்க. அதுக்கு வருஷா வருஷம் பிப்ரவரியில டிவியில ஆள் வந்துடறாங்க. நான் சொல்ல வந்தது ஒரு வளையத்தைப் பத்தி.

வெளிநாட்டுல கிறிஸ்துமஸுக்கு வாசக்கதவுல பச்சையா வட்டமா ஒண்ணு மாட்டுவாங்களே, 'ரீத்'னு, அதேதான். பிப்ரவரி 14 வந்தா அதுவே சிவப்பு ரோஜா, இதய வடிவம்னு மாறிடும். போன வருஷம் எங்க பொண்ணு (காலேஜ் முதல் வருஷம்) இதை யூட்யூபில பார்த்துட்டு, "அம்மா, நாமளே ஒண்ணு பண்ணி அப்பாவுக்கு சர்ப்ரைஸ் குடுக்கலாமா?"ன்னு கேட்டா. எனக்கும் ஆசைதான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல ரங்கமணிக்குக் காதலர் தினத்துக்கு நான் குடுத்தது அதிகபட்சம் ரவா கேசரி :)

ஆனா ஒரு சிக்கல். ரீத்துக்குத் தமிழ்ல என்ன பேரு? மலர் வளையம். மலர் வளையம்னா நம்ம ஊர்ல ஒரே ஒரு அர்த்தம்தான். செம்பரம்பாக்கத்துல ஒரு வீட்டு வாசல்ல வட்டமா பூ வச்சு மாட்டினீங்கன்னா, பால்காரர் செருப்பைக் கழட்டிட்டு மெதுவா உள்ள வந்து "எப்போ எடுக்கறாங்க?"ன்னு கேட்பார்.

சிரிக்கலாம். ஆனா எங்க வீட்ல அது சிரிப்போட முடியற விஷயமில்லை. நாலு வருஷம் முன்னாடி மாமனார் தவறினப்போ, அவர்கூட ஆவடியில வேலை பார்த்தவங்க ஒரு பெரிய வளையம் கொண்டுவந்து வச்சாங்க. மரியாதையாத்தான் செஞ்சாங்க. அதுக்கப்புறம் அத்தை (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) தலையில பூ வைக்கறதை நிறுத்திட்டாங்க. இத்தனைக்கும் எங்க வீட்ல பூ கட்டறதுல அவங்களை மிஞ்ச ஆள் கிடையாது.

அதனால பண்றதா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசனை. யோசிக்க யோசிக்க, பூவுக்கும் காதலுக்கும் வட்டத்துக்கும் இருக்கற தொடர்பை நாம என்னமோ நேத்து இறக்குமதி பண்ணின மாதிரி நினைக்கறோமேன்னு தோணுச்சு.

சங்க காலத்துல தலையில சுத்திக்கற பூ வளையத்துக்குக் 'கண்ணி'ன்னு பேரு. சேரனுக்குப் பனை, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்புன்னு ராஜாக்களுக்கே அடையாளம் அதுதான். காதலிக்கறவன் பூவும் தழையும் கொண்டுபோய்க் குடுத்தா அதுக்குக் 'கையுறை'ன்னு பேரு. காதல் கைகூடாதுன்னு ஆச்சுன்னா, பனை மடல்ல குதிரை பண்ணி, எருக்கம்பூவைச் சூடிக்கிட்டுத் தெருவுல வந்து நிப்பான். மடலேறுதல். எருக்கு ஒண்ணும் மங்கலமான பூ இல்லை. எங்க ஏரிக்கரையில கேட்பாரில்லாம மண்டிக் கிடக்கும். ஊர் சிரிச்சாலும் பரவாயில்லைன்னு அதைத் தலையில வச்சுக்கிட்டதுதான் அந்தக் காலத்துக் காதல்.

எங்க ஏரியைப் பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 24 அடி, 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பருக்கு அப்புறம் தமிழ்நாட்டுக்கே மனப்பாடம். ஆனா பக்கத்து ஊர் பூவிருந்தவல்லியோட பேர்லயே பூ இருக்கறதை யாரும் கவனிக்கறதில்லை. ராமானுஜருக்கு வழிகாட்டின திருக்கச்சி நம்பி அங்க பிறந்தவர்தான். நந்தவனம் வச்சு, பூ பறிச்சு, மாலை கட்டி, காஞ்சி வரதருக்குக் கொண்டுபோனவர். அன்பை நாரில் கட்டிக் குடுக்கறது இந்தப் பக்கத்து மண்ணுக்குப் புதுசு இல்லை.

சரி, மேட்டருக்கு வருவோம். பண்ணிடறதுன்னு முடிவு பண்ணியாச்சு.

ரோஜா வேண்டாம்னுட்டேன். ஓசூர்ல காதலர் தினத்துக்குன்னே தாஜ்மஹால் வகை சிவப்பு ரோஜா வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பறாங்க. அந்த வாரம் அது விக்கிற விலைக்கு ரங்கமணி மயக்கம் போட்டுடுவார். மல்லி பங்குனி, சித்திரையிலதான் மலிவு; பிப்ரவரியில வரத்து கம்மி. அப்புறம் என்ன? வாடாமல்லி! வாசம் கிடையாது, பெருமை கிடையாது. ஆனா காஞ்சாலும் நிறம் போகாது. இருபத்திரண்டு வருஷக் கல்யாணத்துக்கு இதைவிடப் பொருத்தமா வேற என்ன பூ இருக்கு சொல்லுங்க!

வளையத்துக்குக் கம்பி வாங்கலை. தென்னந்துடைப்பத்துலேர்ந்து முப்பது ஈர்க்கு உருவி ராத்திரி பூரா தண்ணியில ஊறப் போட்டோம். காலையில ஒடியாம வளைஞ்சுது. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமாக்கி, நனைச்ச வாழை நாரால இறுக்கிச் சுத்தினோம். இனிமே பூவைச் சரமா கட்டி அதுமேல சுத்தணும். பொண்ணுக்குப் பூ கட்டத் தெரியாது. நான் கட்டினா முழத்துக்கு நாலு இடத்துல உருவிக்கும்.

அத்தை ஹால்ல உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தாங்க. "இன்னாம்மா பண்றீங்க ரெண்டு பேரும்?"

நான் மறைக்காம சொன்னேன். வாசல்ல மாட்டறதுக்கு வளையம், அவருக்காக.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "முழுசா மூடாத. கீழ வாய் விட்டுடு. மூடினாத்தான் அது... தெறந்திருந்தா தோரணம்"னாங்க. எழுந்து வந்து நாரைக் கையில வாங்கிக்கிட்டாங்க. ரெண்டு பூ இந்தப் பக்கம், ரெண்டு பூ அந்தப் பக்கம், காம்பு எதிரெதிரா, ஒரு சுத்து, ஒரு முடிச்சு. நடுநடுவுல மரிக்கொழுந்து. விரல் போற வேகத்தைப் பார்த்து பொண்ணு வீடியோ எடுக்க ஆரம்பிச்சுட்டா.

கட்டிக்கிட்டே சொன்னாங்க: "உங்க மாமா வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிஞ்சு வர்றப்போ சைக்கிள் ஹாண்டில்ல பூப் பொட்டலம் தொங்கும். ஒரு முழம். சம்பளம் வராத மாசம்கூட அரை முழமாவது இருக்கும். கையில குடுக்க மாட்டாரு. ஜன்னல்ல வச்சுட்டு கால் கழுவப் போயிடுவாரு."

அவ்வளவுதான். நாங்க வருஷத்துக்கு ஒரு நாள் கொண்டாடப் பிளான் போட்டுக்கிட்டிருக்கோம். அந்த மனுஷன் வாராவாரம் சத்தமில்லாம நடத்தியிருக்கார்.

எனக்குத் தாங்கலை. "ஒரு துண்டு நீங்க வச்சுக்கோங்க அத்தை. எந்தக் காலத்துல இருக்கோம்"னேன். கையெடுத்துத் தடுத்துட்டாங்க. "நீ வைக்கச் சொல்லுவ. நாளைக்குக் கல்யாண வீட்ல நாலு பேர் பார்க்கறப்போ கூட நிப்பியா?"ன்னாங்க. நிப்பேன்னு சொன்னேன். சிரிச்சாங்க. நம்பின சிரிப்பா, நம்பாத சிரிப்பான்னு கண்டுபிடிக்க முடியலை. மிச்சம் இருந்த சரத்தை மாமனார் போட்டோவுக்குப் போடாம ஜன்னல் கம்பியில சுத்தி வச்சாங்க. அதுக்கு நான் ஒண்ணும் கேக்கலை.

ரங்கமணி சாயங்காலம் வந்து வாசல்ல பார்த்துட்டு, "என்ன, கிரகப்பிரவேசமா?"ன்னார். பொண்ணு தலையில அடிச்சுக்கிட்டா :) அம்மா கட்டினதுன்னு சொன்னதும் மட்டும், திரும்பப் போய் நின்னு ரொம்ப நேரம் பார்த்தார்.

செஞ்சு பார்க்கறவங்களுக்கு ரெண்டு குறிப்பு. நார் ஈரமா இருக்கணும், காஞ்சா அறுந்துடும். மாட்டின அப்புறம் நேர் வெயில் படாம பார்த்துக்கோங்க. எங்களோடது மூணு மாசம் தாண்டியும் ஊதா நிறம் மங்கலை.

கடைசியா ஒரு கேள்வி. பூ கட்டத் தெரிஞ்ச கை உங்க வீட்லயும் இருக்கும். பூ வைக்கக் கூடாதுன்னு ஊர் சொன்ன தலையும் அதே வீட்ல இருக்கலாம். அடுத்த கல்யாணத்துக்கு அவங்களோட போறப்போ, பக்கத்துல நிக்கறதுக்கு நீங்க ரெடியா? நான் ரெடி. வர்ற தையில ஒரு கல்யாணம் இருக்கு. அத்தையை இன்னொரு தடவை கேக்கத்தான் போறேன்.