மண்ணுக்குள் ஒரு பத்தாயம்

நாஞ்சில் நாட்டு மக்கள் நிலத்தை வயல் என்றும் விளை என்றும் பிரித்து வழங்குவர். நீர் பாயும் தாழ்நிலம் வயல்; மரங்கள் சூழ்ந்த மேட்டுநிலம் விளை. நாகர்கோவிலின் வடலிவிளை, சரக்கல்விளை முதலிய இடப்பெயர்களில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. வயல் நெல்லைத் தந்தது. விளை கிழங்கைத் தந்தது.

விளையில் எப்பயிரும் தனித்து வளர்வதில்லை. தென்னையின் உணவு தேடும் வேர்களுள் பெரும்பாலானவை அடிமரத்திலிருந்து ஏறத்தாழ 2 மீட்டர் தொலைவுக்குள் அடங்கிவிடும். அதற்கு அப்பாலுள்ள மண் பிற பயிர்களுக்கு உரியது. காச்சில் கொடிக்குப் பற்றுக்கம்பி இல்லை. தண்டே கொம்பைச் சுற்றி ஏறவேண்டும். பூவரசும் முள்முருக்கும் அதற்குக் கொழுகொம்பாகின்றன. பயறு இனத்ததாகிய முள்முருக்கு, தன் வேர்முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்தையும் சேர்க்கிறது. வெயில் விரும்பும் கொடி மேலேறிவிட, அதன் கீழுள்ள மென்னிழலில் சேம்பும் இஞ்சியும் மஞ்சளும் தழைக்கின்றன. உதிரும் சருகு மூடாக்காகி ஈரத்தைக் காக்கிறது.

மாசியில் விதைக்கிழங்கைத் துண்டாக்கிச் சாணக்கரைசலில் நனைத்து, நிழலில் உலர்த்திக் குழியில் நடுவர். கோடைமழையில் முளைத்த கொடி, தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெற்று வளரும். மார்கழியில் இலை பழுத்துக் கொடி காய்ந்ததும் கிழங்கை அகழ்வர். காச்சிலும் சேனையும் சிறுகிழங்கும் இன்றித் தைப்பொங்கல் நிறைவுறாது.

நெல்லைப் பத்தாயத்தில் சேமிக்கலாம். கிழங்குக்கோ மண்ணே பத்தாயம். இரண்டாம் உலகப்போரின்போது 1942இல் பர்மாவை ஜப்பான் கைப்பற்றியதால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. நாஞ்சில் நாடு அன்று திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. அரிசி அருகிய அந்நாளில் ஏழை எளியோரின் பசியைத் தணித்தவை மரச்சீனியும் பிற கிழங்குகளுமே.

இன்று மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ரப்பர் பரவியுள்ளது. அடர்ந்த ரப்பர் நிழலில் காச்சில் வளராது. நகரையொட்டிய விளைகளோ வீட்டுமனைகளாகின்றன. திருவனந்தபுரத்தில் 1963இல் நிறுவப்பட்ட மத்திய கிழங்குப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் புதிய காச்சில் இரகங்களை வெளியிட்டுள்ளது. ஆயினும் வீட்டுவிளையின் பழைய இரகங்களைக் காக்கும் பொறுப்பு, அவற்றை நடுவோரிடமே உள்ளது. நெல்மணியைப்போல் விதைக்கிழங்கைப் பல ஆண்டுகள் எடுத்துவைக்க இயலாது. ஓர் ஆண்டு நடாவிட்டால் அவ்விரகம் அவ்வீட்டை விட்டு நீங்கிவிடும். அண்டைவீட்டார் முன்னரே ஒரு துண்டு பெற்று நட்டிருந்தால் மட்டுமே அது மீளும்.

தனக்கென வைத்துக்கொண்டது ஓராண்டில் அழியலாம். பகிர்ந்து கொடுத்தது பிறர் விளையில் முளைத்திருக்கும். மரமும் கொடியும் கூடி வாழும் விளை, மனிதரும் அவ்வாறு வாழ்ந்தாலன்றி நிலைக்காது.