முப்பது பேர் வந்த கல்யாணம்

திருமண வீடுகளில் படம் எடுப்பது எனது தொழில். யாழ்ப்பாணத்து மண்டபங்களில் ஐந்நூறு, அறுநூறு பேர் கூடும் கல்யாணங்களுக்கே பெரும்பாலும் போவேன். அங்கே தாலி கட்டும் நேரத்தில் கமராக்காரர் நாங்கள் மணவறையைச் சூழ்ந்து நின்றுவிடுவோம். சபையில் இருப்பவர்களுக்குத் தெரிவது எங்கள் முதுகுதான். வயதானவர்கள் கழுத்தை எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "சரி, பிறகு வீடியோவிலை பாப்பம்" என்று இருந்துவிடுவார்கள். இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. 2023ஆம் ஆண்டு மாசி மாதத்தில் நெடுந்தீவில் நான் படம் பிடித்த ஒரு சிறிய கல்யாணம்தான் அதை எனக்கு உணர்த்தியது.

மணமகள் யாழ்ப்பாண நகரில் வேலை செய்பவள். மாப்பிள்ளை கிளிநொச்சிப் பக்கம். நகரில் ஒரு மண்டபத்தில் வைத்திருந்தால் எல்லோருக்கும் வசதியாக இருந்திருக்கும். ஆனால் சிறு வயதிலேயே பெற்றோரை இழந்த அவளை வளர்த்தெடுத்த அம்மம்மா, 1985ஆம் ஆண்டிற்குப் பிறகு படகு ஏறியதில்லை. அந்த ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி நெடுந்தீவில் இருந்து புறப்பட்ட குமுதினிப் படகு கடலில் மறிக்கப்பட்டு, அதில் பயணித்த ஆண்கள், பெண்கள், குழந்தைகள் எனப் பலர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அம்மம்மாவின் கணவரும் அந்தப் படகில்தான் போனார். கண்ணில் வெள்ளை படர்ந்த பிறகும்கூட, சத்திரசிகிச்சைக்கென்று அவர் கடல் கடக்கச் சம்மதிக்கவில்லை.

"அம்மம்மா வரமாட்டா அக்கா. அதாலை கல்யாணத்தை அவவிட்டைக் கொண்டுபோறம்" என்றாள் அந்தப் பெண்.

2022இல் வந்த பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எல்லாப் பொருட்களும் விலை ஏறிப்போயிருந்தன. கடல் கடந்து ஆட்களைக் கொண்டுபோவதும் திருப்பிக் கொண்டுவருவதும் சுலபமல்ல. எண்ணி எண்ணிக் குறைத்ததில் விருந்தினர் முப்பது பேரில் வந்து நின்றார்கள்.

நான் முதல் நாளே புறப்பட்டேன். பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறைக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத்திற்கு மேல் செல்லும். இருபுறமும் கடல், நடுவே ஒடுங்கிய தெரு. துறையில் நயினாதீவுக்குப் போகும் பக்தர் கூட்டமே அதிகம். நெடுந்தீவுப் படகில் அரிசி மூடைகள், காஸ் சிலிண்டர்கள், கோழித்தீன் பைகளுக்கு நடுவே எங்கள் குலைவாழைகளும் பூமாலைப் பெட்டிகளும் ஏறின. சோழகக் காற்றுக் காலத்தில் இந்தக் கடல் மிகவும் பொல்லாதது. மாசியில் அமைதியாகத்தான் இருந்தது. ஆனாலும் உப்புத்துளி தெறிக்கும் என்பதால் கமராக்களை இரண்டு சொப்பிங் பைகளில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். தீவில் மெமரி காட்டோ பற்றரியோ தேடி அலைய முடியாது என்று எல்லாவற்றிலும் இரட்டிப்பாக எடுத்துப் போயிருந்தேன்.

ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மாவிலித்துறையில் இறங்கினோம். நெடுந்தீவுக்கு முதன்முதலில் போகிறவர்களின் கண்ணில் படுவது அதன் வேலிகள்தான். சீமெந்து எதுவும் இல்லாமல், முருகைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியே காணிகளைப் பிரித்திருக்கிறார்கள். வெளிகளில் குதிரைகள் யாருக்கும் சொந்தமில்லாமல் மேய்கின்றன. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை அவை. ஆட்கள் உள்ளே நுழைந்து நிற்கக்கூடிய அளவுக்குப் பொந்து உள்ள பெருக்குமரமும் இங்கே உண்டு. மணமக்களை அங்கே நிறுத்தி எடுக்க வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

கல்யாணம் வீட்டு முற்றத்தில், பனையோலைப் பந்தலில். அடுத்த நாள் காலையில் பார்த்தேன். ஓலை இடுக்குகளால் வெயில் விழுந்து முகமெல்லாம் புள்ளி புள்ளியாக இருந்தது. படத்தில் அது அம்மைத் தழும்பு போலத் தெரியும். பெண்ணின் மாமாவிடம் இரண்டு வெள்ளை வேட்டிகளை வாங்கி, மணவறைக்கு மேலே விரித்துக் கட்டினோம். வெளிச்சம் பால் போல இறங்கியது. பிளாஷை நான் அன்று வெளியே எடுக்கவே இல்லை.

மாமாவும் மாமியும் கன்னிகாதானம் செய்துகொடுத்தார்கள். பிறகு கூறைச்சேலை மாற்றுவதற்காகப் பெண் உள்ளே வந்தாள். கமராக்காரி ஒரு பெண் என்பதால் நானும் அந்த அறையில் நின்றேன். சேலை கட்டி முடிந்து அவள் வெளியே வரும்போது, அம்மம்மா அவசரமாகச் சமையலறைப் பக்கம் ஒதுங்கினார். "நான் எதிர்ப்படக் கூடாது பிள்ளை, நீ போ" என்றார். கணவனை இழந்தவர் நல்ல காரியத்தில் முன்னுக்கு நிற்கக் கூடாதாம். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, அவராகத்தான் ஒதுங்கினார். யாரும் நில்லுங்கள் என்றும் சொல்லவில்லை.

பெண் நின்றாள். வெளியே ஐயர் முகூர்த்தம் போகிறது என்று குரல் கொடுத்தார். அவள் சமையலறைக்குள் போய், கூறையோடு அம்மம்மாவின் காலில் விழுந்தாள். பிறகு கையைப் பிடித்து, "நீங்கள் இல்லாட்டி ஆருக்கு அம்மம்மா இந்தக் கல்யாணம்?" என்று கேட்டாள். நான் ஒரு படம் எடுத்தேன். இரண்டாவதற்குக் கமராவைத் தூக்க மனம் வரவில்லை.

அம்மம்மாவின் கையை விடாமலே அவள் பந்தலுக்கு வந்தாள். சபை ஒரு கணம் அமைதியாகிவிட்டது. மாமிதான் எழுந்து வந்து, முன்பாயில் தன் இடத்தைக் கொடுத்து அவரை இருத்தினார்.

நான் வழக்கமாக நிற்கும் இடம் அம்மம்மாவுக்கு நேர் முன்னே இருந்தது. மங்கிய கண்கள், நான் மறைத்தால் அவருக்கு ஒன்றுமே தெரியாது. அதனால் பக்கவாட்டில் போய் நிலத்தில் குந்தினேன். அங்கிருந்து தாலி கட்டும் கை முழுதாகத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். எங்கள் தொழிலில் அது பெரிய பிழை. அந்தப் படத்தில் மாப்பிள்ளையின் தோள் தாலி முடிச்சைப் பாதி மறைத்துத்தான் இருக்கிறது. ஆனால் இருவருக்கும் பின்னால், கைகூப்பியபடி அழாமல் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மம்மாவின் முகம் அதில் இருக்கிறது.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிட்டு, துணியில் சுற்றிய ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் காட்டினார். அவருடைய கல்யாணப் படம். பூச்சி அரித்து, கணவரின் முகம் மட்டும் ஓரளவு மிஞ்சியிருந்தது. "இதை இன்னொண்டு எடுத்துத் தருவியோ பிள்ளை?" என்றார். அதை முற்றத்து நிழலில் ஒரு கதிரையில் வைத்துப் பல தடவை எடுத்தேன். அதற்குள் பின்னேரப் படகுக்கு நேரமாகிவிட்டது. பெருக்குமரத்துப் பக்கம் போகவே முடியவில்லை.

முடிச்சு மறைந்துபோனதை அல்பம் கொடுக்கும்போது நானே பெண்ணிடம் சொன்னேன். "மாப்பிள்ளையின்ரை அம்மாவுக்குக் கொஞ்சம் கவலைதான்" என்று அவளும் மறைக்காமல் சொன்னாள். பெரிதாக்கி மாட்டுவதற்கு அந்தப் படத்தைத்தான் கேட்டாள். அதில் ஒன்றையும், திருத்திய பழைய படத்தையும் கண்ணாடிச் சட்டம் போட்டுப் படகில் அம்மம்மாவுக்கு அனுப்பிவைத்தேன்.

இப்போது பெரிய மண்டபங்களுக்குப் போனாலும், மணவறையைப் பார்ப்பதற்கு முன் வீட்டுப் பெரியவர்கள் எங்கே இருக்கப்போகிறார்கள் என்றுதான் கேட்கிறேன். சகோதரிகளே, உங்கள் வீட்டுக் கல்யாணத்திற்குக் கமராக்காரரை ஒழுங்கு செய்யும்போது விலையையும் அல்பத்தின் அளவையும் மட்டும் பேசாதீர்கள். முன்வரிசையில் யார் இருக்கப்போகிறார்கள் என்பதையும் சொல்லிவையுங்கள். ஒதுங்கி நிற்கும் ஓர் அம்மம்மா உங்கள் வீட்டிலும் இருந்தால், முதலில் அவரைக் கைபிடித்து அழைத்து வந்து இருத்துங்கள்.