பழையன கழியாத வீடு

புதுப்பொருளை விரும்பாதார் உலகில் எவருமிலர். குழந்தை புதுப்பொம்மையை விரும்புகின்றது; இளைஞன் புதுச்சட்டையை விரும்புகின்றான்; முதியோரும் திருநாளன்று புதுவேட்டி உடுத்துங்கால் முகமலர்ச்சி கொள்கின்றனர். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயில்வோர்க்கு இதற்கு இலக்கணச் சான்றும் உண்டு. காலப்போக்கில் முன்னைய சொற்கள் வழக்கொழிதலும் புதுச்சொற்கள் வந்து வழங்குதலும் குற்றமாகா என்று நன்னூலார் விதி வகுத்தார். அவ்விதி சொற்களுக்குப் பொருந்துமேயன்றி எம் வீட்டுப் பொருள்களுக்குச் சிறிதும் பொருந்தாது. எம் வீட்டில் பழையன கழிவதேயில்லை. புதியனவாகப் புகுவனவும் பிறர் வீட்டிற் கழிந்தவையே. அவ்வீட்டைப் பற்றியும், அதன்கண் யாம் செய்த ஒரு பிழையைப் பற்றியும் நேயர்கட்குச் சில கூற விழைகின்றோம்.

யாம் பொன்னேரியைச் சார்ந்தோம். சென்னையினின்று கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் இருப்புப்பாதையில், ஆரணியாற்றை அடுத்துள்ள ஊர் அது. கிழக்கே பழவேற்காட்டு ஏரி. வடக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. நாடோறும் காலையில் யாம் கல்லூரிக்குத் தெற்கு நோக்கி மின்வண்டி ஏறுங்கால், எம் தந்தையார் வடக்கு நோக்கிய வண்டிக்கு எதிர்மேடையில் நிற்பார். அவர் அத்தொழிற்பேட்டையில் இரும்புக்கம்பி உருட்டும் ஆலையொன்றில் பிட்டராகப் பணியாற்றுகின்றார். பழுதுற்ற பொருளைக் கண்டவிடத்து அவர்க்கு உண்டாகும் பரிவு, நோயாளியைக் கண்ட மருத்துவர்க்கும் உண்டாகுமோ என்பது ஐயம். எம் வீட்டு மின்விசிறி ஒரு மளிகைக் கடையில் சுழன்று ஓய்ந்தது. தையற்பொறி ஓர் ஆசிரியையார் வீட்டினின்று வந்தது. கைப்பேசியோ எம் அத்தை மகனாரிடம் மூன்றாண்டு உழைத்த பின்னரே எம் கையை அடைந்தது.

யாம் கல்லூரியிற் சேர்ந்தபோது மடிக்கணினி ஒன்று வேண்டியதாயிற்று. தந்தையார் எம்மைச் சென்னை அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெருவுக்கு அழைத்துச் சென்றார். அக்குறுகிய தெருவின் இருமருங்கும் கணினிகளும், அவற்றின் உறுப்புக்களும், அவற்றைப் பிரித்தும் பூட்டியும் அமர்ந்திருக்கும் இளைஞரும் நிறைந்திருந்த காட்சியை யாம் வியந்து நோக்கினோம். தந்தையார் வியக்கவில்லை. ஒவ்வொரு விசையையும் அழுத்திப் பார்த்தார். மூடியைத் திறந்து மூடி அதன் கீல்களின் ஒலியைச் செவிமடுத்தார். ஒரு மணி நேரம் பேரம் பேசி முடித்தார். அதில் ஒரு விசை மட்டும் பெயர்ந்திருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால், எம் தட்டச்சு முறையில் ழகரத்துக்கு உரிய விசை அதுவே! தமிழைச் சிறப்புப் பாடமாக எடுத்த மாணவனுக்கு ழகரமில்லாத கணினி வாய்த்த விந்தையை என்னென்பது? தந்தையார் பழைய சைக்கிள் டியூபில் சிறு சதுரம் வெட்டி அவ்விடத்தில் ஒட்டினார். அன்று முதல் எம் ழகரம் கரிய ரப்பர் நிறம் கொண்டது.

வகுப்பில் நண்பர்கள் மெல்லிய, வெண்ணிறக் கணினிகளைத் திறப்பர். எம் கணினியின் பேட்டரி அரைமணி நேரமும் தாங்காது. ஆதலின் சுவரில் மின்செருகி உள்ள மூலையே எம் இருக்கையாயிற்று. நண்பர் சிலர் வினவியபோது, "எமது புதுக்கணினி பழுது பார்க்கச் சென்றுள்ளது, இஃது இரவல்" என்று கூறினோம். அது பொய். அப்பொய்யை ஓராண்டுக் காலம் காத்து வந்தோம். அதனை நம்பிய நண்பர்கள் இவ்விதழைப் படிப்பார்களாக.

இஃது இங்ஙனமாக, எம் பெற்றோர் ஊர்ப்புறத்தில் வாங்கியிருந்த சிறு மனையில் வீடு கட்டத் தொடங்கினர். கடைக்கால் தோண்டினர், தூண்கள் எழுந்தன, தெருமட்டத்தினின்று மிக உயர்ந்ததொரு பேஸ்மட்டமும் எழுந்தது. கதவுகளும் சன்னல்களும் இடிக்கப்பட்ட பழைய வீட்டினின்று விலைக்கு எடுத்த தேக்குமரம். கம்பிகள் வந்திறங்கிய நாளில், "இவையேனும் புதியனவோ?" என்று யாம் கேலியாக வினவினோம். தந்தையார் சிரித்தார். "கம்பி புதிது, தம்பி, இரும்பு பழையது" என்றார். அவர் சொன்னது மெய்யே. கும்மிடிப்பூண்டி ஆலைகள் பலவற்றில் உடைந்த பொறிகளும், துருவேறிய தகடுகளும், பயனற்ற இரும்புத் துண்டுகளும் மின்னுலையில் 1500 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருகிக் கட்டிகளாக வார்க்கப்படுகின்றன. கட்டியைக் காய்ச்சி உருளைகளின் இடையே செலுத்தக் கம்பியாகின்றது. செங்கனலாய் வெளிவரும் கம்பியின்மேல் உடனே நீரைப் பாய்ச்சப் புறம் கடினமாகின்றது. அகமோ வளைந்து கொடுக்கும் தன்மையை இழவாது நிற்கின்றது. யாரோ எறிந்துவிட்ட இரும்பே எம் கூரையைத் தாங்கப் போகின்றது என்று அன்று அறிந்தோம். அறிந்தும் திருந்தினோமல்லோம்.

சென்ற மார்ச்சுத் திங்களில் மேல்தளம் போடப்பட்டது. அதற்கு அடுத்த கிழமை, யாம் சிலப்பதிகாரத்தின் ஊர் வருணனைகளைப் பற்றிய கட்டுரையைத் துறையில் அளிக்க வேண்டியிருந்தது. முதல் நாளிரவு கணினி ஒருமுறை முனகிற்று, திரை கறுத்தது, அதனுள் இருந்த தட்டு எம் நாற்பது பக்கக் குறிப்பையும் விழுங்கி மாய்ந்தது. வேறொரு படி எடுத்து வையாதது எம் குற்றமே. ஆயினும் சினம் தன் குற்றத்தைத் தான் பார்ப்பதில்லையே!

மறுநாள் மாலை கட்டட மனைக்குச் சென்றோம். தந்தையார் ஆலைப்பணி முடிந்து வந்து, தளத்தின்மேல் நின்று நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். சிமெண்டு வெயிலில் உலர்ந்து இறுகுவதென்று பலர் எண்ணுவர், அங்ஙனமன்று. நீரோடு கூடியே அஃது இறுகுகின்றது. நீர் வற்றினால் வலிமை குன்றிப் பிளவு காணும். அதன் வலிமையை 28-ஆம் நாளிற் சோதித்தறிதல் வழக்கம். ஆதலின் தளத்தின்மேல் சிறு பாத்திகள் கட்டி, அவற்றில் நீர் வற்றாது காப்பர். அப்பாத்திகளின் நடுவே நின்ற தந்தையாரை நோக்கி, கொத்தனாரும் சித்தாளும் கேட்ப, "ஊரார் கழித்ததையெல்லாம் கொண்டுவந்து வீட்டில் சேர்க்கிறீர்களே, அப்பா! என்னையும் ஏதேனும் பழைய கடையில்தான் எடுத்தீர்களோ?" என்று கூறினோம்.

கொத்தனார் தலையைக் குனிந்துகொண்டார். தந்தையார் எம்மைச் சிறிது நேரம் நோக்கினார். பின்னர், "குழாயைச் சற்றுப் பிடி, தம்பி; அந்த மூலை காய்கிறது" என்றார். யாம் பிடிக்கவில்லை. திரும்பி நடந்தோம்.

அன்றிரவு அன்னையார் எம்முன் சோற்றை வைத்துவிட்டு, அருகில் அமர்ந்தார். எமக்குப் புதுக்கணினி வாங்குவதற்கென்று தந்தையார் ஈராண்டு சேர்த்த பணம், எம் பெயர் எழுதிய உறையில் பீரோவில் இருந்ததென்றும், அது பேஸ்மட்டத்தை இரண்டடி கூடுதலாக உயர்த்தச் செலவாயிற்றென்றும் கூறினார். "இரண்டடி உயர்த்தச் சொன்னது யார், தெரியுமா? நீதான்" என்றார்.

எமக்கு நினைவு வந்தது. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையில், யாங்கள் குடியிருந்த வாடகை வீட்டினுள் முழங்காலளவு நீர் புகுந்தது. மின்விளக்கில்லா அவ்விரவில் பாட்டியாரும் யாமும் கட்டிலின்மேல் அமர்ந்திருந்தோம்; எம் பாடநூல்கள் நீரில் மிதந்தன. அப்போது மேல்நிலை வகுப்பு மாணவனாயிருந்த யாம் அழுதுகொண்டே, "நம் வீட்டை உயரமாகக் கட்டுங்கள், அப்பா, இனி என் புத்தகம் நனையக்கூடாது" என்று சொன்னோம். சொன்ன யாம் மறந்தோம். கேட்டவர் மறக்கவில்லை.

நேயர்காள்! பிழையை உணர்தல் எளிது. உணர்ந்ததை வாய்திறந்து உரைத்தல் எத்துணை அரிது! யாப்பிலக்கணம் கற்ற நாவுக்குத் தந்தையிடம் சொல்ல ஒரு சொல் கிடைக்கவில்லை. நாள்கள் கழிந்தன. இருவரும் பேசினோம், ஆயின் அதனைப் பற்றிப் பேசவில்லை.

மே மாதத்தில் பாட்டியார் ஒரு விருப்பம் தெரிவித்தார். அவர் பிறந்தது தரங்கம்பாடியை அடுத்த பொறையாறு. புதுவீட்டுப் பிரதிஷ்டைக்கு முன்னர், தாம் ஞானஸ்நானம் பெற்ற ஆலயத்தை ஒருமுறை காண வேண்டும் என்றார். முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. சிற்றப்பா தம் வேனைத் தந்தார். அதுவும், சொல்லவேண்டுமோ, மூன்றாம் கை மாறிய வண்டி. கிழமை நாள்களில் அரிசி மூட்டை சுமப்பது. விடியற்காலை நான்கு மணிக்கு ஐவரும் புறப்பட்டோம். மீஞ்சூரினின்று வெளிவட்டச் சாலையேறி வண்டலூர் சேர்ந்து, கோவளத்தருகே கடற்கரைச் சாலையை அடைந்தபோது கிழக்கு வெளுத்தது. தங்கை பாடினாள், பாட்டியார் தாளமிட்டார்.

மரக்காணத்து உப்பளங்களை அடைந்தபோது வண்டி ஆவி கக்கிற்று. இருபுறமும் உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூசச்செய்ய, நிழலுக்கு ஒரு மரமுமில்லை. ரேடியேட்டருக்கு நீர் செல்லும் ரப்பர்க் குழாய் வெடித்திருந்தது. "மூடியைத் தொடாதே, சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும்" என்று தந்தையார் எம்மைத் தடுத்து, அரைமணி நேரம் பொறுத்திருந்தார். பின்னர்த் தம் பையினின்று ஒரு பொருளை எடுத்தார். எம் ழகரத்தை வெட்டி எடுத்த அதே சைக்கிள் டியூபின் மிச்சம்! அதை நீளக் கீற்றாகக் கிழித்து, வெடிப்பின்மேல் இழுத்து இழுத்துச் சுற்றினார்.

"குழாயைச் சற்றுப் பிடி, தம்பி" என்றார்.

யாம் பிடித்தோம். இரு கைகளாலும் பிடித்தோம். அவர் மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்டும்வரை பிடித்திருந்தோம். எம் முகத்தில் வழிந்தது வியர்வை மட்டுமன்று.

"அப்பா, அன்று அந்த மூலை காய்ந்துவிட்டதா?" என்று கேட்டோம்.

அவர் கம்பியின் முனையை மடக்கிவிட்டு நிமிர்ந்தார். "இல்லை. நான் பார்த்துக்கொண்டேன்" என்றார். பிறகு தேநீர்க் கடையினின்று நீர் கொணருமாறு எம்மிடம் குடத்தைத் தந்தார். அவ்வளவே. பல திங்களாக எம் நெஞ்சை அழுத்திய கல் அவ்வுப்பளத்தருகே இறங்கிற்று.

அக்கட்டு அவிழவில்லை. புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி கடந்து, பிற்பகலில் தரங்கம்பாடி சேர்ந்தோம். 1620-ஆம் ஆண்டில் டேனியர் எழுப்பத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கின்றது. அண்மையில், பாண்டியர் காலத்து மாசிலாமணி நாதர் கோயிலின் முற்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. தந்தையார் அலை மோதும் இடத்தை நெடுநேரம் உற்றுநோக்கினார். எம் பேஸ்மட்டத்தின் உயரத்தை மனத்துள் அளந்திருப்பார் போலும்.

1718-ஆம் ஆண்டில் பிரதிஷ்டை செய்யப்பெற்ற புதிய எருசலேம் ஆலயத்தில் பாட்டியார் கண்மூடி அமர்ந்தார். அங்கேயே 1719-ஆம் ஆண்டில் தம் 36-ஆம் வயதில் மறைந்த சீகன்பால்கு ஐயர் அடக்கம் பெற்றிருக்கின்றார். வகுப்பிற் படித்த செய்தியொன்றைத் தந்தையார்க்குக் கூறினோம். ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்த்து அனுப்பப்பெற்ற தமிழ் எழுத்துக்கள் பருமனாயிருந்தன. அவற்றால் அச்சிட்டால் காகிதம் மிகுதியாகச் செலவாகும். ஆதலின் இங்கேயே சிற்றெழுத்துக்கள் வார்த்தனர். அதற்கு உலோகம் வேண்டியபோது, இங்கிலாந்தினின்று பாலாடைக்கட்டி அடைத்து வந்த பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கினர் என்பர். 1715-ஆம் ஆண்டில் தமிழில் புதிய ஏற்பாடு அச்சில் நிறைவுற்றது.

தந்தையார் ஆர்வத்தோடு கேட்டார். "வெறும் ஈயம் மென்மையாயிற்றே, எழுத்து நசுங்குமே. வேறு எதையேனும் சேர்த்திருப்பார்கள்" என்றார். சிறிது நடந்தபின், "தின்று எறிந்த டப்பாவின் மூடி! பார்த்தாயா, தம்பி?" என்று தமக்குள் சிரித்துக்கொண்டார். பார்த்தோம், அப்பா. இம்முறை பார்த்தோம்.

இனி இன்றைய நிலை. எம் கணினியில் வேறொரு தட்டைத் தந்தையார் பொருத்தியுள்ளார்; அதுவும் ரிச்சி தெருவில் எடுத்த பழையதே. இக்கட்டுரையை அதிலேயே தட்டெழுதினோம். முன்னெச்சரிக்கையாக இரு படிகள் எடுத்து வைத்துள்ளோம். ழகரம் வருமிடமெல்லாம் எம் விரல் ரப்பரைத் தொட்டது. வகுப்பறையின் அந்த மூலையில் இன்றும் அமர்கின்றோம், மின்செருகி வேண்டியிருத்தலால்.

வீட்டின் உட்பூச்சு முடிந்தது. தேக்குக் கதவுகளை இழைத்து மெருகேற்றும் பணி நடைபெறுகின்றது. தச்சர் உளி படும்போதெல்லாம் பழைய மரத்தினின்று புதுமணம் எழுகின்றது. ஞாயிறுதோறும் சுவர்களுக்கு நீர் தெளிப்பது எம் பணி. பிரதிஷ்டை நாள் குறித்தபின், எம்மிடம் ஏமாந்த நண்பர்கள் அனைவரையும் அழைப்போம். அவர்கள் வந்து, அரிசி மூட்டை சுமக்கும் வேனையும், மளிகைக் கடை மின்விசிறியையும், யாரோ ஒருவர் வீட்டுக் கதவுகளையும் காண்பார்களாக. வாயிலில் ஏறுங்கால் மட்டும் சற்றே கவனம் வேண்டும். தெருவினின்று படிகள் ஏழு; எம் வீடு உயரமானது.